விவாகரத்துக்கு வழக்கறிஞர் சொல்லும் ‘ஒரே தொகை’ எதுவரை?

வாசகர் கேள்வி, 2025 பிப்ரவரி 9

நானும் என் மனைவியும் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகப் பிரிந்து வாழ்கிறோம். குழந்தை இல்லை. இருவரும் சம்மதித்தே விவாகரத்து பெறுவதென்று முடிவு செய்திருக்கிறோம். சென்னை குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு நடத்தும் ஒரு வழக்கறிஞர் தொடக்கம் முதல் தீர்ப்பு வரை எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் என்கிறார். இன்னொருவர் மனு எழுத 10,000 ரூபாய், அதன்பின் ஒவ்வொரு வாய்தாவுக்கும் 3,000 ரூபாய் என்கிறார். முதலாமவரிடம் போனால் பின்னால் செலவு கூடாது என்று என் அண்ணன் சொல்கிறார். அது சரிதானா?

2025 பிப்ரவரி 9, இரவு

உங்கள் அண்ணன் சொல்வது பாதி சரி. இருவரும் ஒத்துப்போன வழக்கில் வேலை எவ்வளவு என்பதை முன்கூட்டியே அளந்துவிடலாம் என்பதால், அதற்கு ஒரே தொகை பேசுவது நியாயமானதே. இந்து திருமணச் சட்டத்தில் 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 13பி பிரிவின்படி, தம்பதியர் ஓராண்டுக்குக் குறையாமல் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும்; இனிச் சேர்ந்து வாழ இயலாது என்று இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும்; மனு தாக்கலாகி ஆறு மாதம் கழிந்த பின், பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மீண்டும் வந்து அதே முடிவில் இருப்பதாகச் சொல்ல வேண்டும். மனுவை எழுதுவது, அலுவலகம் குறை சொல்லித் திருப்பினால் சரிசெய்து வழக்கு எண் வாங்குவது, முதல் மோஷனுக்கு (இருவரும் நீதிமன்றத்தில் முதன்முறை சம்மதம் சொல்வது; ஆறு மாதம் கழித்து மீண்டும் சொல்வது இரண்டாவது மோஷன்) உடன் வருவது, ஆலோசகரிடம் அனுப்பினால் அந்தத் தேதியைப் பார்த்துக்கொள்வது, இரண்டாவது மோஷனில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து தீர்ப்பு வாங்குவது ஆகியவற்றோடு வழக்கறிஞரின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும்.

மீதிப் பாதி ‘எல்லாம் சேர்த்து’ என்று வாயால் சொல்லப்படுவதில் இருக்கிறது. தட்டச்சு, ஜெராக்ஸ், ஸ்டாம்ப், குமாஸ்தா செலவு ஆகியவை அந்த ‘எல்லாம்’ என்பதற்குள் அடங்குமா என்று கேட்டால், பெரும்பாலும் அப்போதுதான் யோசித்துப் பதில் சொல்வார்கள். ஆறு மாதக் காத்திருப்பைக் குறைக்கக் கேட்கும் மனு, தீர்ப்பின் சான்றிட்ட நகல், பெயரில் எழுத்துப் பிழை வந்துவிட்டால் அதைத் திருத்தும் மனு ஆகியவை அநேகமாகப் பேச்சிலேயே வருவதில்லை.

நான் ஒரு தணிக்கை அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவள். என் விவாகரத்துக்காக வழக்கறிஞரிடம் பேசியபோது தொகையைக் குறைக்கச் சொல்லவில்லை. எந்தக் காகிதம் என் கைக்கு வரும்வரை இந்தத் தொகை பொருந்தும் என்று மட்டும் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுத் தம் லெட்டர்ஹெட்டிலேயே அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். அந்த அரைப் பக்கம் இருந்ததால் பிறகு எங்களுக்குள் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூட எழவில்லை. நீங்களும் எழுதி வாங்குங்கள். தொகையை மூன்றாகப் பிரித்து, கையெழுத்திடும்போது ஒரு பங்கு, முதல் மோஷன் முடிந்ததும் ஒரு பங்கு, தீர்ப்பு வந்ததும் கடைசிப் பங்கு என்று கொடுங்கள்.

2025 பிப்ரவரி 10

கூட்டிக் கழித்துப் பார்த்தேன். இரண்டாமவர் சொல்லும் கணக்கில் பதினொரு வாய்தாவுக்கு 43,000 ரூபாய் ஆகிறது. பன்னிரண்டாவது வாய்தாவில்தான் அது 46,000 ஆகி முதலாமவரை மிஞ்சுகிறது. குழந்தைப் பொறுப்பும் சொத்துத் தகராறும் இல்லாத சம்மத வழக்கு பன்னிரண்டு வாய்தா வரை போவது அரிது. ஆகவே வெறும் எண்ணிக்கைப்படி இரண்டாமவரே மலிவு.

ஆனாலும் நான் முதலாமவரிடமே போயிருப்பேன். வாய்தாவுக்கு இவ்வளவு என்று பேசியவருக்கு ஒரு தேதி வீணாய்ப் போனாலும் பணம் வரும். மொத்தமாகப் பேசியவருக்கு ஒரு தேதி வீணானால் அவருடைய நேரமே வீணாகும். எந்த வழக்கறிஞரும் பணத்துக்காக வேண்டுமென்றே இழுக்கிறார் என்று நான் சொல்லவில்லை. நீதிபதி விடுப்பு, வழக்கறிஞர்கள் புறக்கணிப்பு, ஆவணத்தில் குறை என்று தேதி தள்ளிப்போகக் காரணங்கள் ஏராளம். அந்தத் தள்ளிப்போதலின் செலவு யார் தலையில் விழ வேண்டும் என்பதையே இந்த இரண்டு முறைகளும் தீர்மானிக்கின்றன.

2025 பிப்ரவரி 12

ஆறு மாதக் காத்திருப்பு கட்டாயமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். 2017-இல் அமர்தீப் சிங் எதிர் ஹர்வீன் கௌர் வழக்கில், அந்த ஆறு மாதம் கட்டாயமன்று, பொருத்தமான வழக்கில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்கு வைத்த நிபந்தனைகள் முக்கியமானவை. சட்டம் கேட்கும் ஓராண்டுப் பிரிவோடு இன்னும் ஆறு மாதமும் முதல் மோஷனுக்கு முன்பே கழிந்திருக்க வேண்டும். சமரச முயற்சிகள் பலனளிக்காமல் போயிருக்க வேண்டும். ஜீவனாம்சம், குழந்தைப் பொறுப்பு போன்றவற்றை இருவரும் உண்மையாகவே பேசித் தீர்த்திருக்க வேண்டும். இனியும் காத்திருப்பது வேதனையை நீட்டுவதாக மட்டுமே இருக்க வேண்டும். முதல் மோஷன் முடிந்து ஒரு வாரத்துக்குப் பிறகு இதற்கான மனுவைக் கொடுக்கலாம்.

கேள்வி கேட்டவர் ஒன்றரை ஆண்டைத் தாண்டிவிட்டதால் முதல் நிபந்தனை அவருக்குப் பொருந்துகிறது. இந்த மனுவும் 45,000 ரூபாய்க்குள் சேருமா என்று அவர் இப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். மனு கொடுத்தாலும் அதை ஏற்பதும் ஏற்காததும் நீதிபதியின் விருப்பத்தைப் பொறுத்தது. “ஒரே மாதத்தில் முடித்துத் தருகிறேன், அதற்குத் தனியாக இவ்வளவு” என்று யாராவது சொன்னால், அவர் தம் கையில் இல்லாத ஒன்றை விலை பேசுகிறார் என்று பொருள்.

2025 பிப்ரவரி 15

கோவையிலிருந்து எழுதும் நண்பர், எதிர்த்து நடக்கும் வழக்குக்கும் மொத்தத் தொகை பேசிவிடுவதே நல்லது, இல்லாவிட்டால் ஆண்டுக்கணக்கில் பணம் போய்க்கொண்டே இருக்கும் என்கிறார். அவருடைய அலுப்பு புரிகிறது. ஆனால் என் தம்பியின் வழக்கைப் பார்த்தபின் அந்த யோசனையை யாருக்கும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தம்பி தன் ஊர் நீதிமன்றத்தில் கொடுமை என்ற காரணத்தைக் காட்டி விவாகரத்து கேட்டு வழக்குத் தொடுத்தான். வழக்கறிஞர் மொத்தம் 1,20,000 ரூபாய் என்றார். அதில் பெரும்பகுதியை முதல் சந்திப்பிலேயே வாங்கிக்கொண்டார். அந்தத் தொகையைச் சொன்னபோது அவர் மனத்தில் இருந்தது ஒரு மனு, ஒரு பதிலுரை, சாட்சி, குறுக்கு விசாரணை, வாதம் என்ற நேர்கோடு. நடந்தது வேறு. எதிர்த்தரப்பிலிருந்து இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்கீழ் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்டு மனு வந்தது. 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, வரவு, சொத்து, கடன் அனைத்தையும் விவரித்து இருதரப்பும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. அது சில நாள் உட்கார்ந்து செய்யும் வேலை. தம்பியின் வங்கிக் கணக்குகளை வைத்து அதைத் தயாரித்தவள் நான் என்பதால் சொல்கிறேன். அதற்குப் பிறகு, வழக்கைத் தன் மாவட்டத்துக்கு மாற்றக் கேட்டு அந்தப் பெண் உயர் நீதிமன்றத்துக்குப் போனாள், அவ்வாறே மாற்றப்பட்டது. தம்பியின் வழக்கறிஞர் அந்த ஊருக்கு வருவதில்லை என்று சொல்லிவிட்டார். பேசிய தொகையில் பெரும்பகுதி அவரிடம். வழக்கோ தொடங்கிய இடத்திலேயே, ஆனால் வேறோர் ஊரில்.

எதிர்வழக்கில் ஒருவருடைய வேலையின் அளவை மறுதரப்பு தீர்மானிக்கிறது. அப்படிப்பட்ட வேலைக்கு மொத்த விலை சொல்பவர், அதிகமாகச் சொல்லித் தம்மைக் காப்பாற்றிக்கொள்வார். குறைவாகச் சொல்லியிருந்தால், பணம் தீர்ந்தபின் ஜூனியரை அனுப்பி வாய்தா வாங்குவார். இரண்டிலும் நமக்கு நன்மை இல்லை. கட்டம் கட்டமாகப் பேசுவதே சரியான வழி. மனுவும் நோட்டீஸும் ஒரு கட்டம், இடைக்கால மனு ஒவ்வொன்றும் ஒரு கட்டம், சாட்சி விசாரணை ஒரு கட்டம், இறுதி வாதம் ஒரு கட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் தொகையை உறுதி செய்துகொள்ளலாம். கட்டம் வந்தால் பணம், வராவிட்டால் இல்லை.

2025 பிப்ரவரி 16

சிறு குறிப்பு. மொத்த விலை என்றதும் எனக்குக் கல்யாண மண்டப பில் நினைவுக்கு வருகிறது. வாடகை இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, சாவியைத் திரும்ப வாங்கும்போது மின்சாரம், ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, உடைந்த நாற்காலி என்று நான்கு வரி சேர்ப்பார்களே, அதே கதைதான். மண்டபத்தில் அந்தப் பாடத்தைக் கற்ற பிறகும் குடும்ப நீதிமன்ற வாசலில் நாம் அதை மறந்துவிடுகிறோம்.

2025 பிப்ரவரி 18

தம்பி கொடுத்த பணம் திரும்பி வந்ததா என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு பகுதி வந்தது. ஏற்றுக்கொண்ட வழக்கைத் தக்க காரணமும் போதிய முன்னறிவிப்பும் இல்லாமல் விட்டு விலகக் கூடாது, விலகினால் உழைத்து ஈட்டாத பகுதிக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று, வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகளில் 12-ஆம் விதி சொல்கிறது. தம்பி அந்த விதியைச் சுட்டிக்காட்டிப் பணிவாக ஒரு கடிதம் எழுதினான். அதோடு, தெரிந்த மூத்த வழக்கறிஞர் ஒருவர் நடுவில் பேசினார். விதி வேலை செய்ததா, மூத்தவரின் முகம் வேலை செய்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. எத்தனை பங்கு உழைப்பு முடிந்தது என்பதைக் கணக்கிட எழுத்தில் எதுவும் இல்லாததால், கிடைத்ததை வாங்கிக்கொண்டு அவன் நகர்ந்தான். கட்டம் பிரித்து எழுதியிருந்தால் அந்தக் கணக்கை ஒரு நிமிடத்தில் முடித்திருக்கலாம்.

2025 மார்ச் 2

“வழக்கறிஞர் சொன்னபடி செய்யாவிட்டால் நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறது, பயப்படத் தேவையில்லை” என்று ஒரு வாசகர் எழுதியிருப்பது இப்போது பொருந்தாது. 2024 மே 14 அன்று, டி.கே. காந்தி தொடர்பான வழக்கில், வழக்கறிஞர்களின் தொழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வராது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதற்கு முன்பு தேசிய நுகர்வோர் ஆணையம் 2007-இல் வேறு விதமாகக் கூறியிருந்தது. வாசகர் அதைக் கேள்விப்பட்டிருக்கலாம்.

இப்போது இருக்கும் வழிகளில் ஒன்று, வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்கீழ் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் தொழில் ஒழுக்கக்கேட்டுப் புகார் கொடுப்பது. மற்றொன்று, பணத்தைத் திருப்பிக் கேட்டு உரிமையியல் வழக்குப் போடுவது. விவாகரத்து வழக்கில் களைத்துப் போனவர் இன்னொரு வழக்கைத் தூக்கிச் சுமப்பாரா என்பது எனக்கு ஐயமே. ஆகவே முதலில் எழுதி வாங்கும் அரைப் பக்கத்துக்கு முன்பிருந்ததைவிட மதிப்பு கூடியிருக்கிறது.

இதோடு சேர்ந்த செய்தி ஒன்று. கட்டணப் பாக்கி இருக்கிறது என்று சொல்லி நம் கோப்பை வழக்கறிஞர் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு இல்லை என்று 2000-ஆம் ஆண்டிலேயே ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. பாக்கியை அவர் தனியாகக் கேட்டு வாங்கலாம். திருமணப் பதிவுச் சான்றையும் குழந்தையின் பிறப்புச் சான்றையும் பணயமாக வைக்க முடியாது. எதற்கும் அசல் ஆவணங்களைக் கொடுக்காமல் நகல்களைக் கொடுத்து, நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய நாளில் அசலை நீங்களே எடுத்துச் செல்லுங்கள்.

2025 மார்ச் 3

முதல் குறிப்பில் கடைசிப் பங்கைத் தீர்ப்பு வந்ததும் கொடுங்கள் என்று எழுதியிருந்தேன். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவது சட்டவிரோதம் ஆகாதா என்று சட்டம் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். கூர்மையான கேள்வி. பார் கவுன்சிலின் 20-ஆம் விதி, வழக்கின் முடிவைச் சார்ந்த கட்டணத்தையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் தடை செய்கிறது. ‘வென்றால் கொடுக்கிறேன், தோற்றால் இல்லை’ என்று பேசுவது தவறு. வழக்கு எந்த விதமாக முடிந்தாலும் முடிந்த பிறகு கடைசித் தவணை என்று பேசுவது, கொடுக்கும் நாளைப் பற்றிய ஏற்பாடு மட்டுமே. ஆகவே எழுதும்போது ‘விவாகரத்து கிடைத்ததும்’ என்று எழுதாமல், ‘வழக்கு முடிந்து உத்தரவின் சான்றிட்ட நகல் கைக்கு வந்ததும்’ என்று எழுதுங்கள். நகலையும் சேர்த்துவிட்டால் குமாஸ்தாவைத் தேடி அலையும் வேலையும் குறையும்.

இதே விதி இன்னோர் இடத்திலும் உதவும். ஜீவனாம்சமாகக் கிடைக்கும் மொத்தத் தொகையில் பத்து சதவீதம், பதினைந்து சதவீதம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். “இப்போது கையில் பணம் வேண்டாம் அம்மா, செட்டில்மென்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்” என்று அது இனிமையாகத் தொடங்கும். 2017 டிசம்பரில் பி. சுனிதா எதிர் தெலங்கானா மாநிலம் வழக்கில், விபத்து இழப்பீட்டில் சதவீதக் கணக்கில் கட்டணம் கேட்டு, அதற்காக வாங்கிய காசோலையை வைத்து வழக்கறிஞர் தொடுத்த வழக்கையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஜீவனாம்சத்துக்கும் அதே நியாயம்தான்.

2025 மார்ச் 20

இணையத்தில் ‘நிலையான கட்டணத்தில் விவாகரத்து’ என்று வரும் விளம்பரங்களைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வழக்கறிஞர் தமக்கு விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்பது பார் கவுன்சிலின் 36-ஆம் விதி. 2024 ஜூலையில், இணையதளங்கள் வழியாக விளம்பரம் செய்து வேலை தேடும் வழக்கறிஞர்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கறிஞர்களுக்கு நட்சத்திர மதிப்பெண் போட்டு விலை வைப்பதையும் நீதிமன்றம் கண்டித்தது.

வாடிக்கையாளராக எனக்கு இதில் இரண்டு மனம் இருக்கிறது. விலையை வெளியே சொல்லக் கூடாது என்றால், முதன்முறையாக நீதிமன்றம் போகும் ஒருவருக்கு எது நியாயமான தொகை என்று எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டாரிடம் விசாரிக்கக் கூடிய காரியமும் அன்று இது. ஆனால் அந்த விளம்பரங்கள் சொல்லும் விலையும் உண்மையான விலையாக இருப்பதில்லை. 9,999 ரூபாய் என்று இருக்கும். கேட்டால் அது மனு எழுதிக் கொடுப்பதற்கு மட்டும் என்பார்கள்.

பில்லைப் பார்க்கிறவர்கள் இதையும் கவனியுங்கள். வியாபாரம் அல்லாத தனிநபருக்கு வழக்கறிஞர் செய்யும் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. உங்கள் விவாகரத்துக்கு வழக்கறிஞர் கொடுக்கும் பில்லில் 18 சதவீதம் என்று ஒரு வரி இருந்தால் காரணம் கேளுங்கள். இடையில் ஒரு கம்பெனி இருந்து ‘ஒருங்கிணைப்புக் கட்டணம்’ வாங்கினால், அந்தக் கட்டணத்துக்கு வரி வரலாம். அப்போது நீங்கள் கொடுப்பதில் எவ்வளவு வழக்கறிஞருக்குப் போகிறது என்பதையும் கேட்டுவிடுங்கள். இந்தக் கேள்விக்கு வரும் மௌனமே போதுமான தகவல்.

2025 ஏப்ரல் 6

இதுவரை எழுதியதில் ஒரு பெரிய செய்தியைத் தொடாமல் விட்டிருக்கிறோம். இருவருக்கும் சேர்த்து ஒரே வழக்கறிஞர், ஒரே தொகை என்று பேசும்போது, நடுவில் ஒருவர் மனம் மாறினால் என்ன ஆகும்?

மனம் மாறலாம். சம்மதம் தீர்ப்பு வரை நீடித்திருக்க வேண்டும், அதற்கு முன் ஒருவர் தனியாகவே அதைத் திரும்பப் பெறலாம் என்று 1991-இல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆறு மாத இடைவெளியில் பெரியவர்கள் பேசுவார்கள். செட்டில்மென்ட் தொகை போதாது என்று தோன்றும். வேறு யாரோ ஆசை காட்டுவார்கள். சிலருக்கு உண்மையாகவே சேர்ந்து வாழத் தோன்றும். அந்த இடைவெளியைச் சட்டம் வைத்திருப்பதே இதற்காகத்தான். ஆனால் அதற்குப் பிறகு வழக்கு எதிர்வழக்காக மாறினால், இருவருக்கும் மனு எழுதிய அதே வழக்கறிஞர் ஒருவருக்கு எதிராக இன்னொருவருக்கு ஆஜராக முடியாது. பார் கவுன்சிலின் 33-ஆம் விதி அதைத் தடுக்கிறது. இருவரும் புது வழக்கறிஞரைத் தேட வேண்டும், புதுத் தொகை பேச வேண்டும். முன்பு கொடுத்த 45,000 எங்கே போனது என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது.

ஆகவே எழுதி வாங்கும் காகிதத்தில், சம்மதம் முறிந்தால் எந்தக் கட்டம் வரை கொடுத்தது எவருடையது என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரியைக் கேட்டால் வழக்கறிஞர் தவறாக நினைப்பாரோ என்று தயங்க வேண்டாம். என் வழக்கறிஞர், “இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் நடுவில் விலகுவதில்லை” என்றார்.

செட்டில்மென்ட் தொகை இருந்தால் அதையும் இதே எச்சரிக்கையோடு பிரித்துக்கொள்ளுங்கள். முதல் மோஷனில் ஒரு பகுதி, இரண்டாவது மோஷனில் நீதிபதி முன்னிலையில் டிமாண்ட் டிராஃப்டாக மீதி என்ற வழக்கம் நல்ல வழக்கம். அந்தத் தொகையை வழக்கறிஞரின் கணக்கு வழியாக அனுப்பக் கூடாது.

2025 ஏப்ரல் 9

பெண்கள் இந்த இழையை அதிகம் படிக்கிறார்கள் என்று தனி மடல்களிலிருந்து தெரிகிறது. அவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். தொலைபேசி எண் 15100. அங்கே நியமிக்கப்படும் வழக்கறிஞர் கட்டணம் கேட்கக் கூடாது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இதே உரிமை வருமான வரம்பின்றி இருக்கிறது. மற்ற ஆண்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு.

“இலவசமாகக் கிடைப்பவர் அக்கறை காட்டுவாரா?” என்று என் சித்தி கேட்டார். ஆளைப் பொறுத்தது, பணம் கொடுத்து அமர்த்தியவர்களிலும் அப்படித்தானே? சம்மத வழக்கைப் பொறுத்தவரை தேவையான திறமை எல்லாம் ஒழுங்காக மனு எழுதுவதும் தேதி தவறாமல் வருவதும் தான். எதிர்வழக்கானால், வருமானம் இல்லாத மனைவியோ கணவனோ வழக்குச் செலவை மறுதரப்பிடமே கேட்க 24-ஆம் பிரிவில் வழி இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வழக்கறிஞரே இல்லாமல் நேரில் ஆஜராகலாமா என்று இன்னொரு கேள்வி. ஆகலாம். 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் 13-ஆம் பிரிவு, வழக்கறிஞரை வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமையன்று, நீதிமன்றம் அனுமதித்தால் வைத்துக்கொள்ளலாம் என்றே சொல்கிறது. நடைமுறையில் எல்லோரும் வக்காலத்தோடுதான் வருகிறார்கள். சட்டம் அப்படி இருந்தும் நாம் விலை பேசிக்கொண்டிருப்பது வேடிக்கைதான். ஆனால் மனுவில் ஒரு தேதி முரண்பட்டால் அலுவலகம் திருப்பும் என்பதை அறிந்தவர்கள், மனு எழுதவாவது ஒருவரை வைத்துக்கொள்வார்கள்.

2025 மே 25

சேலத்திலிருந்து எழுதியவருக்கு. சம்மத விவாகரத்துக்குத் தொகை பேசியாகிவிட்டது, ஆனால் மனைவி முன்பு கொடுத்த 498ஏ புகார் (கணவரோ அவருடைய உறவினரோ மனைவியைக் கொடுமைப்படுத்தியதாகச் சொல்லும் குற்றப் புகார்) நிலுவையில் இருக்கிறது, அது தானாக முடிந்துவிடுமா என்று கேட்கிறீர்கள். முடியாது. அந்தக் குற்றப்பிரிவைத் தமிழ்நாட்டில் கட்சிக்காரர்கள் தாமாகவே சமரசம் செய்து முடித்துக்கொள்ள முடியாது. சமரசத்தைக் காட்டி வழக்கை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்கு மனு போட வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 528-ஆம் பிரிவு. திருமணத் தகராறுகளில் இப்படி ரத்து செய்யலாம் என்று 2003-இல் பி.எஸ். ஜோஷி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

அது வேறு நீதிமன்றம், பெரும்பாலும் வேறு வழக்கறிஞர், கட்டாயம் வேறு கட்டணம். உங்களுக்குச் சொன்ன தொகையில் அது இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் மனு இருந்தால் அதைத் திரும்பப் பெறுவது அவ்வளவு சிரமமன்று என்றாலும், அதையும் யார் செய்வது என்று கேளுங்கள். எந்த வழக்கு எந்தத் தேதிக்குள் முடிக்கப்படும் என்பது விவாகரத்து மனுவோடு இணையும் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

2025 ஜூன் 1

கிறிஸ்தவத் திருமணத்துக்கும் இதே தொகை, இதே காலமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக. சம்மத விவாகரத்து அங்கேயும் உண்டு. கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்தில் 2001 திருத்தத்தால் சேர்ந்த 10ஏ பிரிவு அதற்கானது. அந்தப் பிரிவின் வாசகம் பிரிந்து வாழும் காலமாக ஓராண்டைச் சொல்லாமல் இரண்டு ஆண்டைச் சொல்கிறது. தொகை பேசும் முன் அதைச் சரிபார்க்காத வழக்கறிஞரிடம் தொகையே பேச வேண்டாம்.

2025 ஆகஸ்ட் 17

தீர்ப்பு கிடைத்துவிட்டதாக எழுதியிருக்கும் வாசகி, நகலில் தம் தந்தையின் பெயர் தவறாக இருப்பதாகவும், திருத்த 5,000 ரூபாய் தனியாகக் கேட்பதாகவும் சொல்கிறார். எழுத்துப் பிழையையும் கணக்குப் பிழையையும் எந்நேரமும் திருத்த உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவு இடம் தருகிறது. பிழை மனுவிலேயே இருந்ததா, நீதிமன்றத் தட்டச்சில் நேர்ந்ததா என்று முதலில் பாருங்கள். மனுவில் சரியாக இருந்து நகலில் மட்டும் தவறென்றால் சிறிய மனுவிலேயே முடிந்துவிடும். மனுவிலேயே தவறென்றால், அதை எழுதியவரிடம் தனிக் கட்டணம் இல்லாமல் திருத்தித் தரச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். கையெழுத்திடும் முன் நீங்களும் படித்துத்தான் கையெழுத்திட்டீர்கள் என்று அவர் சொல்வார்; அப்படிச் சொன்னால் செலவைப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளுங்கள். திருத்திய நகல் வந்தபிறகே பாஸ்போர்ட்டுக்கும் வங்கிக்கும் விண்ணப்பியுங்கள். திருத்தும் மனு போடும்போதே கூடுதலாக ஒரு சான்றிட்ட நகலுக்கும் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.